ஐந்தாவது தென்னை

எங்கள் தெருவில் விழாமல் நின்ற ஒரு தென்னை மரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் நான்கு மரங்கள் போய்விட்டன. ஐந்தாவதும் போயிருந்தால் தேதிகள் குறித்து வைத்த என் பழைய நோட்டையே நான் எரித்திருப்பேன். அது நின்றதால் இதை எழுத முடிகிறது.

அப்போது நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வாய்தா தேதி ஒன்றுகூடத் தவறக் கூடாத வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றி, தெருவில் நடப்பதையெல்லாம் தமிழ் மாதமும் நாளும் போட்டு எழுதி வைப்பேன். யார் வீட்டில் புதுத் தறி போட்டார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் நின்றது, எல்லாம் இருக்கும். எழுபதுகளின் முதல் பாதி. பெயர்களையும் சரியான ஆண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்ட சிலர் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தின் ஓரத்தில் எங்கள் தெரு. இரண்டு பக்கமும் நெசவாளர் வீடுகள், வீட்டுக்கு ஒரு தறியாவது உண்டு. நெய்யாத வீடு என்னுடையது ஒன்றுதான். வடக்குப் பக்கம் வீட்டு வாசல்களில் ஐந்து தென்னைகள் கயிறு பிடித்தது போல ஒரே வரிசையில் நின்றன. தெற்குப் பக்கம் என் வாசலிலும் இன்னும் சில வாசல்களிலும் தென்னைகள் உண்டு, ஆனால் முன்னும் பின்னுமாக.

பட்டுப் பாவு, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகள், தறியில் ஏறும் முன் அவற்றைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. இழுத்துக் கட்ட அந்தக் காலத்துக் கல்தூண்கள் இருந்தன. தார் ரோடு போட வந்த காண்ட்ராக்டர் ஆட்கள் அவற்றைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். சில மாதங்களில் அவை ஒவ்வொன்றாகத் துணி துவைக்கும் கல்லாகவும் படிக்கட்டாகவும் வீடுகளுக்குள் போய்விட்டன. கல்தூணைத் திரும்ப நட்டுத் தரும்படி கேட்டு நான் மூன்று மனு எழுதினேன். நல்ல மனுக்கள். பதில் வரவில்லை.

அந்தப் பங்குனியில் ஒரு காலை எதிர்வீட்டுக்காரர் பாவு நூலைத் தோளில் போட்டுக்கொண்டு கட்ட இடமில்லாமல் நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ். கை சுத்தமான நெசவாளர் என்று தெருவே சொல்லும்.

"அண்ணே, தென்னை மரமெல்லாம் நேர் வரிசையாத்தானே நிக்குது. ஆளுக்கொரு கொக்கி அடிச்சிட்டா இதுலேர்ந்து அதுக்கு இழுத்துக் கட்டலாமே" என்றேன்.

அவர் மரங்களை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "மூணு மனு எழுதின நேரத்துல இத சொல்லியிருக்கலாம்பா நீ!"

இந்தச் சம்பவத்தில் என் பங்கு இதுதான். யோசனை என்னுடையது.

கட்டைவிரல் பருமனில் இரும்புக் கொக்கிகள் செய்து வந்தன. மேற்குக் கோடி மரத்தில் பங்குனி கடைசியில் முதல் கொக்கி. மற்றவை சித்திரையிலிருந்து ஆவணிக்குள், பாவு போடுபவர் கூடக் கூட, ஒன்றன் பின் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்தன. ஐந்தாவது எதிர்வீட்டுக்காரரின் வாசல் மரத்தில். அடிக்கும்போது மரத்திலிருந்து நீர் கசிந்தது. துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பாவுக்குத் தெளித்து மிஞ்சிய கஞ்சியை மரத்துக்கு நல்லது என்று கொக்கி இருக்கும் இடத்திலேயே ஊற்றிவிடுவார்கள். அடிமரம் எப்போதும் புளித்த வாடை அடிக்கும். ஒருவரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. தூண் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தோம்.

ஐப்பசியில் மேற்குக் கோடி மரத்தின் குருத்து சாய்ந்தது. மழையென்று நினைத்தோம். கார்த்திகை தீபத்துக்குள் கொண்டை மொத்தமும் மடிந்து தொங்கியது. அடுத்த மரம் மார்கழியில். மூன்றாவது பொங்கலுக்கு முன்பு. தார் ரோட்டுச் சூடு வேரைக் கருக்குகிறது என்றார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார்கள். பாலாற்றுப் பக்கத்துத் தோப்புகளில் ஏதோ சிவப்பு வண்டு வந்து மரங்களைக் கொல்கிறது என்ற பேச்சும் வந்தது. தோப்பு வண்டுக்குப் பட்டணத்துத் தெருவில் என்ன வேலை என்று அதை விட்டுவிட்டோம். வெட்டிய மூன்று மரங்களின் துண்டுகளும் தெரு ஓரத்திலேயே கிடந்தன. சாயங்காலம் உட்கார்ந்து பேச வசதியாக இருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேறு எதையோ தேடப் போய், கொக்கி அடித்த நாட்கள் எழுதிய பக்கம் கண்ணில் பட்டது. மரங்கள் பட்டுப்போன நாட்கள் எழுதிய பக்கத்தையும் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். கொக்கி இறங்கிய வரிசையிலேயே மரங்கள் செத்திருந்தன. ஒன்றுகூட முன்பின் மாறவில்லை. கொக்கி அடிக்காத தெற்குப் பக்கத்து மரங்கள் எல்லாம் பச்சையாக நின்றன. என் வாசல் மரத்தில் அன்றுதான் ஒரு பாளை வெடித்திருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் நான்காவது மரத்தின் குருத்து மஞ்சளானது. அதை வெட்ட ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து மரமேறி ஒருவர் சைக்கிளில் வந்தார். தோப்புகளில் வேலை செய்து பழகியவர். மரத்தைச் சாய்த்து, கொக்கி இருந்த இடத்தில் பிளந்தார். உள்ளே நார் கூழாகிக் கிடந்தது. அதில் கட்டைவிரல் பருமனில் வெண்மஞ்சள் புழுக்கள், காலே இல்லாமல் நெளிந்தன. கொக்கி முனைக்கு நேர் பின்னாலிருந்துதான் துளை கிளம்பி இரண்டு பக்கமும் போயிருந்தது. துருப்பிடித்த இரும்பு நிறத்தில், யானைத் துதிக்கை போல வளைந்த மூக்கோடு ஒரு வண்டு மெதுவாக வெளியே நடந்து வந்தது.

எதிர்வீட்டுக்காரர் குனிந்து நீளவாக்கில் சுற்றியிருந்த ஒரு நார்க்கூட்டை எடுத்தார். "டேய், இதுவும் கூடு கட்டுதுடா. நம்ம பட்டுப்பூச்சி மாதிரியே" என்றார். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். நூலைப் பார்த்தால் தரம் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

மரமேறி இடுப்பில் கை வைத்து நின்றார். "காயம் பட்ட மரத்து வாசனைக்கு இது எத்தினி தூரத்துலேர்ந்தும் வந்துடும் அண்ணாத்தே. நீங்க காயமும் போட்டு, அதுல கஞ்சியும் ஊத்திக்கினு இருந்திருக்கீங்க. பத்தாததுக்கு செத்த மரத்த வாசல்லயே போட்டு, அதும்மேல குந்திக்கினு கதை பேசுறீங்க. வண்டுக்கு இலை போட்டு சாப்பாடு, படுக்க எடம், எல்லாம் குடுத்திருக்கீங்க. இன்னா உபசாரம்!"

நான் நோட்டை நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் எதிர்வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். யோசனை என்னுடையது என்பதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாததில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும்.

அவர் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "கொக்கி அடிக்கிறதுன்னா அடிச்சிட்டுப் போ. அதுக்குத் தேதி போட்டு சாட்சி வேற எழுதி வெச்சிருக்கியே, உன்ன மாதிரி குத்தவாளி எந்தக் கோர்ட்டுக்கும் கெடைக்க மாட்டான்பா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே மரத்துண்டுகள் எல்லாவற்றையும் வண்டியிலேற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்தோம். ஐந்தாவது மரத்தில் அப்போது அறிகுறி ஒன்றும் தெரியவில்லை. தை முடியும்வரை தினமும் காலையில் போய் அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவேன். மாசி பிறந்த மூன்றாம் நாள் கொக்கிக்கு ஒரு முழம் மேலே பழுப்புநிறத்தில் பசை வழிந்திருந்தது. பக்கத்தில் மென்று துப்பிய நார்.

மரமேறிக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். அரிவாளின் பின்பக்கத்தால் மரத்தைக் கீழிருந்து மேலாகத் தட்டினார். அண்ணாந்து பார்த்தார். "நான் ஏற மாட்டேன்" என்றார்.

அந்த மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. அதன் கொண்டை நேராகத் தறி இருந்த அறையின் ஓட்டுக்கூரைக்கு மேலே நின்றது. உள்ளே துளை போன மரத்தில் ஏறினால் ஆள் பாரத்தில் பாதியில் ஒடியலாம். ஏறாமல் அடியில் வெட்டினால் சாய்ந்திருக்கும் பக்கம்தான் விழும். கயிறு கட்டித் தெருப் பக்கம் இழுத்தால் துளைபோன இடத்தில் முறிந்து, மேல்பாதி கூரைமேல் இறங்கும். மூன்றையும் அவர் விரல் விட்டு விளக்கினார். வெட்டவும் வழியில்லை, விட்டுவிடவும் வழியில்லை.

கூரைக்குக் கீழே, குழித்தறியில், எதிர்வீட்டுக்காரர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். உடம்பும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோத்து நெய்யும் புடவை அது. அந்த வேலைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அங்கே உட்கார்ந்தவர் அவர் மனைவி. வைகாசியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்து கொடுத்த மனிதர், சொந்த வீட்டுக்கென்று நெய்யும் முதல் கூறைப்புடவை அன்று தறியில் ஏறி ஒரு முழம் ஓடியிருந்தது.

"அண்ணே, தறியக் கொஞ்ச நாள் நிறுத்துங்க. வேற வீட்டுல மாத்திப் போட்டுக்கலாம்" என்றேன்.

"ஓடற பாவ அறுத்துக்கினு போயி இன்னொரு தறியில பிணைக்கிறதா? மூவாயிரம் இழை. நீ வந்து பிணைக்கிறியா?"

"உயிருக்குமேலயா புடவை?"

"ஏமண்டி, அவரு சொல்றதக் கேளுங்க" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி, எனக்கு அண்ணி. அவர் கணவரிடம் பேசுவது எப்போதும் இரண்டு மொழி கலந்துதான்.

"கேட்டுத்தானே இந்த கதிக்கு வந்தோம்" என்றார் அவர்.

அண்ணி வாசலுக்கு வந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். "கொக்கி அடிக்க சுத்தி புடிச்சது யாரு? குமாஸ்தா தம்பியா? யோசனை அவரு குடுத்தாரு, கை ஒங்களுது. ரெண்டு பேரும் சேர்ந்து மரத்தக் காப்பாத்துங்க, அப்புறம் சண்ட போடுங்க." பிறகு உள்ளே போய்த் தறிப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகும் எண்ணம் அவருக்கும் இல்லை என்று தெரிந்தது.

மரம் பிழைத்தே ஆக வேண்டும்.

பயிர்களுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக்கைப் பார்த்து மருந்தும் முறையும் வாங்கிவந்தேன். நூலகத்தில் தென்னை பற்றியிருந்த பழைய கையேடும் அதையே சொன்னது. புழு இருக்கும் துளைகளில் மேலே உள்ளதைக் கண்டுபிடித்து அதன் வழியாக மருந்தை ஊற்ற வேண்டும். மற்ற துளைகளை அடைத்துவிட வேண்டும். ஆனால் வெளியே தெரிவது ஒரு துளை, உள்ளே எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று தெரியாது. மரமேறி சொன்னார்: "காத வெச்சிக் கேட்டா சொல்லிடுவேன். உள்ள மெல்லுற சத்தம் கறுக் கறுக்குன்னு கேக்கும்."

மரத்தில் காது வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "எங்கேய்யா கேக்குது? ஊர்த் தறியெல்லாம் ஓடிக்கினு இருக்குது."

எங்கள் தெருவில் காலை முதல் விளக்கு வைக்கும்வரை நாற்பது தறிக்குக் குறையாமல் தட்டிக்கொண்டிருக்கும். தரையே அதிரும். மரத்தில் காது வைத்தால் மரத்துக்குள்ளும் தறிதான் ஓடியது. எல்லாரையும் நிறுத்தச் சொல்லலாமா என்று பேச்சு வந்தபோதுதான் நான் நாட்காட்டியைப் பார்த்தேன். மாசி அமாவாசைக்கு நான்கு நாள். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அது காலங்காலமான வழக்கம்.

அந்த நான்கு நாளும் நான் கோர்ட்டில் எழுதிய எதுவும் எனக்கு நினைவில்லை. காற்று அடித்தால் வீட்டுக்கு ஓடத் தோன்றும்.

அமாவாசையன்று காலை தெருவில் சத்தமே இல்லை. மரமேறி ஏணி போட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றிக் காது வைத்து, சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் குறி ஏணியின் உச்சிக்கு ஒரு சாண் கீழே விழுந்தது. "இதுக்கு மேல போகலை. குருத்துக்கு இன்னும் தூரம் இருக்குது. பொழைக்கும்னு நெனைக்கிறேன், சத்தியம் பண்ணமாட்டேன்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காது வைக்கச் சொன்னார். கேட்டது. பொரித்த அப்பளத்தை மெதுவாக மெல்வது போல. என் யோசனை எப்படிச் சத்தம் போடுகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதலில் கொக்கியைப் பிடுங்கினார்கள். அந்தத் துளையைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோது மரமேறியின் கம்பி வளைந்த பாதையில் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய், பாவு இழையைத் தறியின் அச்சுப் பற்களுக்குள் கோத்து இழுக்கும் மெல்லிய கொக்கியை எடுத்துவந்தார். கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் விட்டார். இருட்டில் இழை தேடிப் பழகிய கை. திருப்பி, நிறுத்தி, மெதுவாக இழுத்தார். முனையில் ஒரு புழு. இப்படி ஏழு எடுத்தார்.

"இந்த வேலைக்கு நீங்க எங்களோட தோப்புக்கு வந்துடலாம் அண்ணாத்தே" என்றார் மரமேறி.

"வந்துடறேன். நீ வந்து புடவைய நெய்."

மேல் குறியில் சாய்வாகத் துளை போட்டு, புனல் வைத்து மருந்தை ஊற்றினார்கள். எல்லாத் துளைகளையும் சிமெண்டால் அடைத்தார்கள். உள்ளே இருப்பது செத்ததா இல்லையா என்பது இனி வெளியிலிருந்து தெரியாது. அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டும் என்றார் மரமேறி. அது பங்குனி அமாவாசை.

இடையில் ஒரு மட்டை மஞ்சளாகிக் கீழே விழுந்தது. கூரை ஓடுகளில் இரண்டு உடைந்தன. நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே தறிச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. அந்த ஒரு நொடியைப் பற்றி நோட்டில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் அதிகமாகத் தெரிகிறது. அன்றைக்கு அவ்வளவும் தேவைப்பட்டது. அது பழைய அடிமட்டை, வயதாகித் தானாக விழுந்தது என்று மரமேறி பிறகு சொன்னார்.

பங்குனி அமாவாசையன்று அவர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு வந்தார். சைக்கிள் பஞ்சர். ஏணியைச் சாத்தி மேலிருந்து கீழே காது வைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இறங்கி, எதிர்வீட்டுக்காரரைக் கைகாட்டினார். அவர் காது வைத்தார். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். அடுத்து நான். சிமெண்டின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. மரத்துக்குள் ஒன்றுமில்லை. ஆனால் என் காதை நான் நம்பத் தயாராக இல்லை. குற்றவாளியின் காது அது, கேட்க விரும்பியதைத்தான் கேட்கும்.

"அண்ணி, நீங்க கேளுங்க" என்றேன்.

அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து காது வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"ஒண்ணும் கேக்கலைப்பா" என்றார். பிறகு, "இரு இரு, ஏதோ கேக்குது."

எதிர்வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"பெரிய ரோட்டுல பஸ்ஸு ஹார்ன் அடிக்கிறான்" என்றார் அண்ணி.

மரமேறிதான் முதலில் சிரித்தார். "மேல பாருங்க" என்றார். கொண்டையின் நடுவில் ஒரு புதுக் குருத்து, ஈட்டி போல நிமிர்ந்து, இன்னும் பிரியாமல் நின்றது. நாங்கள் ஒரு மாதமாக அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாளும் தைரியமாக இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்கோ குமாஸ்தா, தேதி போட்டு" என்றார்.

எழுதினேன். அந்தப் பக்கத்தில் தேதி மட்டும்தான் இருக்கிறது. வேறொன்றும் எழுதவில்லை.

கல்தூண்கள் போன வீடுகளுக்கெல்லாம் நானே போய்க் கேட்டேன். சிலர் துவைக்கிற கல்லைத் தர முணுமுணுத்தார்கள். நான்கு தூண்கள் திரும்பின. தார் ரோட்டின் ஓரத்தை விட்டுத் தள்ளி, குழி தோண்டி நட்டோம். இந்த முறை யாருக்கும் மனு எழுதவில்லை. சித்திரையில் அவற்றில் முதல் பாவு ஏறியது. கஞ்சி மிச்சத்தை மாட்டுக்கு வைத்தார்கள்.

வைகாசியில் கல்யாணம். முதல் நாள் மாலை பந்தல்காரர் தோரணம் கட்ட வந்தார். வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு, சுத்தியை ஓங்கியபடி ஐந்தாவது தென்னையின் அருகில் போனார்.

உள்ளே உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் அங்கிருந்தே கத்தினார். நானும் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். அண்ணி சமையல் கரண்டியோடு ஓடி வந்தார். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் பந்தல்காரர் வாயிலிருந்த ஆணிகளைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா சாமி, மரத்துல ஒரு ஆணி அடிச்சா கொலையா?"

"ஆமாம்பா, கொலைதான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "நாலு பண்ணியாச்சு. கயித்துல கட்டு."

தோரணத்தைக் கயிற்றில் கட்டினார்கள். கூறைப்புடவை கட்டிய பெண் மறுநாள் காலை அதன் கீழாகத்தான் நடந்து போனாள்.